கால்வெஸ்டன், 1900: ஒரு புயலைப் பற்றிய வாசகர் கேள்விகள்

அமெரிக்க வரலாற்றில் மிக அதிகமான உயிர்களைக் கொண்டுபோன இயற்கைச் சீற்றம் எது என்று சென்ற இதழில் ஒரு வாசகர் கேட்டிருந்தார். 1900 செப்டம்பர் 8 அன்று டெக்ஸஸ் மாநிலத்தின் கால்வெஸ்டன் நகரைத் தாக்கிய புயல் என்று இரண்டு வரிகளில் பதில் தந்திருந்தோம். அந்த இரண்டு வரிகள் போதவில்லை என்று கடிதங்கள் வந்திருப்பதால், இந்த இதழின் பக்கங்களை அந்த ஒரு புயலுக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி (கடலூர் வாசகர்): அமெரிக்கப் புயல் என்றாலே கத்ரீனாதான் நினைவுக்கு வருகிறது. கால்வெஸ்டன் புயல் அதைவிடப் பெரியதா?

பதில்: எதை வைத்து அளக்கிறோம் என்பதைப் பொறுத்தது. பொருட்சேதத்தில் 2005-ஆம் ஆண்டின் கத்ரீனாவுக்கு அருகில் இது வர முடியாது. உயிரிழப்பில் கதை வேறு. கத்ரீனாவில் இறந்தவர்கள் 1,800 பேருக்கு மேல் என்று நெடுங்காலம் சொல்லப்பட்டு, பின்னர் அமெரிக்க தேசிய ஹரிகேன் மையம் அந்த எண்ணிக்கையை 1,392 என்று திருத்தியது. கால்வெஸ்டனைப் பொறுத்தவரை மதிப்பீடுகள் 6,000 முதல் 12,000 வரை நீள்கின்றன. 8,000 என்பதே வழக்கமாகச் சொல்லப்படும் எண். அந்த ஆண்டுக் கணக்கெடுப்பின்படி நகரின் மக்கள்தொகை 37,789 என்பதையும், நகர எல்லைக்குள் மட்டும் ஏறக்குறைய 6,000 பேர் மாண்டார்கள் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், ஆறு பேரில் ஒருவர் ஒரே இரவில் இல்லாமல் போனார் என்று ஆகிறது.

அட்லாண்டிக் முழுவதற்கும் இதுவே முதலிடம் என்று எண்ணிவிட வேண்டாம். 1780-இல் கரீபியன் தீவுகளை அழித்த பெரும் புயலில் சுமார் 22,000 பேரும், 1998-இல் ஹோண்டுராஸ், நிகராகுவா நாடுகளில் மழையாகக் கொட்டித்தீர்த்த மிட்ச் புயலில் 11,000 பேருக்கு மேலும் இறந்தார்கள்.

கேள்வி (புதுச்சேரி வாசகி): 1900-இல் தந்தி வசதி இருந்ததே, புயல் வருவது முன்கூட்டியே தெரியவில்லையா?

பதில்: கியூபாவின் வானிலையாளர்களுக்குத் தெரிந்திருந்தது, ஆனால் அவர்கள் சொல்வதைக் கேட்கக் கூடாது என்று வாஷிங்டன் அதிகாரிகள் முடிவெடுத்திருந்தார்கள். இந்தப் புயலின் வரலாற்றில் எனக்கு மிகவும் உறுத்துகிற பகுதி இதுதான் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

ஹவானா நகரில் இயேசு சபைத் துறவிகள் நடத்திய பெலன் கல்லூரியில் ஒரு வானிலை ஆய்வகம் இருந்தது. பெனிட்டோ வின்யெஸ் என்ற துறவி 1870 முதல் 1893-இல் இறக்கும்வரை அதை நடத்தினார். மேகங்களின் போக்கு, வானத்தின் நிறம், கடல் அலையின் திசை, காற்றழுத்தத்தின் இறக்கம் ஆகியவற்றை நாள்தோறும் குறித்துவைத்து, புயல் எந்தப் பக்கம் திரும்பும் என்று கணிக்கும் முறையை அவர் உருவாக்கினார். கியூபாவின் மாலுமிகள் அந்த எச்சரிக்கைகளை நம்பிக் கப்பலைத் துறைமுகத்திலேயே நிறுத்திவைப்பது வழக்கமாயிற்று. வின்யெஸுக்குப் பின் லொரென்சோ காங்கோய்ட்டே என்ற துறவி பொறுப்பேற்றார்.

1898-இல் ஸ்பெயினுடன் நடந்த போருக்குப் பிறகு கியூபா அமெரிக்க இராணுவத்தின் பிடியில் இருந்தது. தந்திக் கம்பிகளும் அவர்கள் கையில். அமெரிக்க வானிலைத் துறையின் தலைவராயிருந்த வில்லிஸ் மூர், கியூபாக்காரர்கள் தேவையில்லாமல் பீதி கிளப்புகிறார்கள் என்று கருதி, கியூபாவிலிருந்து வானிலைத் தந்திகள் வெளியே போகாதபடி போர்த்துறையைக் கொண்டு தடை போட வைத்தார். 1900 ஆகஸ்ட் மாதக் கடைசியில் தடை வந்தது. அதே ஆகஸ்ட் 27 அன்றுதான், அட்லாண்டிக் நடுவே சென்ற ஒரு கப்பல் இந்தப் புயலின் முதல் அடையாளத்தைத் தன் பதிவேட்டில் எழுதியது.

செப்டம்பர் முதல் வாரத்தில் புயல் கியூபாவைக் கடந்தபோது அது பெருமழையாக மட்டுமே இருந்தது. அங்கிருந்து வடக்கே திரும்பி ஃபுளோரிடா வழியாக அட்லாண்டிக் கரையோரம் போய்விடும் என்று வாஷிங்டன் கணித்தது. பொதுவாகப் புயல்கள் அப்படித்தான் வளைகின்றன என்ற நம்பிக்கையைத் தவிர அதற்குப் பெரிய ஆதாரம் இல்லை. அது வளையாமல் மெக்சிகோ வளைகுடாவுக்குள் நுழைந்து டெக்ஸஸ் பக்கம் போகிறது என்பது ஹவானாவில் இருந்தவர்களின் கணிப்பு. கோடை முழுதும் வெயிலில் காய்ந்து சூடேறியிருந்த வளைகுடா நீரின்மேல் அது மூன்றே நாட்களில் அசுர பலம் பெற்றது. கப்பல்களில் வானொலிக் கருவி இல்லாத காலம் என்பதால், நடுக்கடலில் அதன் உள்ளே சிக்கித் தவித்தவர்கள் கரைக்கு ஒரு சொல் அனுப்பவும் வழியில்லை.

இதோடு இன்னொன்றும் உண்டு. புயல் எச்சரிக்கை விடும் அதிகாரம் ஊர்களில் இருந்த அலுவலர்களுக்குக் கிடையாது. எல்லாம் வாஷிங்டன் தலைமையகத்தின் ஒப்புதலோடு நடக்க வேண்டும். கால்வெஸ்டனில் புயலுக்கு முந்தைய நாளான வெள்ளிக்கிழமை எச்சரிக்கைக் கொடி ஏற்றப்பட்டது உண்மைதான். ஆனால் வருவது ஊரையே அழிக்கும் புயல் என்று அந்தக் கொடி யாருக்கும் சொல்லவில்லை.

கேள்வி (திருச்சி வாசகர்): அந்த ஊர் வானிலை அதிகாரி ஐசக் க்ளைனைச் சிலர் வீரர் என்கிறார்கள், சிலர் குற்றவாளி என்கிறார்கள். உங்கள் கருத்து என்ன?

பதில்: இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க நான் தயங்குகிறேன். 1891-இல் உள்ளூர் நாளிதழில் க்ளைன் ஒரு கட்டுரை எழுதினார். கால்வெஸ்டனுக்குப் புயலால் பெரிய கேடு வரும் என்று அஞ்சுவது வெறும் பிரமை என்பது அதன் சாரம். கரையோரக் கடலடி மெல்ல மெல்லச் சரிவதால் அலைகள் வரும் வழியிலேயே உடைந்து வலுவிழந்துவிடும் என்று அவர் வாதிட்டார். அதே டெக்ஸஸ் கரையில் இண்டியனோலா என்ற துறைமுக ஊரை 1875-இல் ஒரு புயலும், 1886-இல் இன்னொரு புயலும் இல்லாமலே ஆக்கியிருந்தன என்பதை வைத்துப் பார்த்தால், இது சாதாரணப் பிழை அன்று. இண்டியனோலா அழிந்ததும் கால்வெஸ்டன் வணிகர்கள் கடல் தடுப்புச் சுவர் கட்ட வேண்டும் என்று பேசினார்கள், பிறகு செலவைக் கண்டு விட்டுவிட்டார்கள். சுவர் வேண்டாம் என்றிருந்தவர்களுக்கு க்ளைனின் கட்டுரை வசதியாகப் போயிற்று.

ஆனால் அந்தச் சனிக்கிழமை விடியலில் கடற்கரையில் நின்று, காற்று வடக்கிலிருந்து கரையைத் தாண்டிக் கடலை நோக்கி அடித்துக்கொண்டிருக்கும்போதே கடல் எதிர்த்து ஏறிவருவதைக் கவனித்து, இப்படி ஒரு நிலையை இதற்குமுன் பார்த்ததில்லை என்று வாஷிங்டனுக்குத் தந்தி அடித்தவரும் அவர்தான். பிறகு குதிரை வண்டியில் கடற்கரை நெடுகச் சென்று மக்களை எச்சரித்ததாகவும், அதனால் ஆயிரக்கணக்கானோர் பிழைத்ததாகவும் அவர் எழுதியிருக்கிறார். இதை வரலாற்றாசிரியர்கள் எல்லோரும் ஏற்பதில்லை.

அன்று மாலை அவருடைய வீட்டில் சுமார் ஐம்பது பேர் தஞ்சம் புகுந்திருந்தார்கள். புயலைத் தாங்கும் என்று நம்பிக் கட்டிய வீடு அது. ஏழரை மணி அளவில் அவர் பாதி திறந்த வாசற்கதவருகே நின்று, தெருவில் கிழக்கிலிருந்து மேற்காகப் பாயும் நீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டுக்குள் அப்போது எட்டு அங்குலத் தண்ணீர் மட்டுமே இருந்தது. நான்கே வினாடிகளில் நீர் நான்கு அடி உயர்ந்தது என்றும், நின்ற இடத்திலிருந்து நகர்வதற்குள் இடுப்பைத் தாண்டிவிட்டது என்றும் தமது அறிக்கையில் குறித்திருக்கிறார். அதன்பின் டிராம் பாதையின் மரப்பாலத் துண்டு ஒன்று வெள்ளத்தில் மிதந்து வந்து மோதியதில் வீடு கவிழ்ந்தது. அவரும் தம்பி ஜோசப்பும் மூன்று பெண்பிள்ளைகளும் மரச்சிதைவுகளைப் பற்றிக்கொண்டு மணிக்கணக்கில் மிதந்து பிழைத்தார்கள். கருவுற்றிருந்த மனைவி கோரா பிழைக்கவில்லை. வீட்டில் இருந்தவர்களில் பெரும்பாலோரும் பிழைக்கவில்லை.

பிற்காலத்தில் நியூ ஆர்லியன்ஸுக்கு மாறிய க்ளைன், புயலில் ஆளைக் கொல்வது பெரும்பாலும் காற்று அன்று, அதோடு ஏறிவரும் கடல்தான் என்பதை நிறுவுவதற்கே தம் ஆய்வைச் செலவிட்டார். 1891 கட்டுரைக்கு அவர் நேரடியாகச் சொன்ன எந்தச் சமாதானத்தையும்விட அந்த ஆய்வு எடை கூடியது என்று நினைக்கிறேன்.

கேள்வி (நாகப்பட்டினம் வாசகர்): அலைகள் உடைந்துவிடும் என்ற அவருடைய வாதம் எங்கே தவறியது? ஆழமற்ற கடல் பாதுகாப்பு இல்லையா?

பதில்: உங்கள் ஊரிலிருந்து இந்தக் கேள்வி வருவது பொருத்தமே. தனித்தனி அலைகளை ஆழமற்ற கடலடி உடைக்கும் என்பது சரி. ஆனால் புயலோடு வருவது தனி அலை அன்று; கடல்மட்டம் முழுவதுமே உயர்ந்து நிலத்துக்குள் நடந்துவரும் பெருக்கு. காற்றழுத்தம் குறைவதால் கடல் சற்று உப்புவது உண்டு: ஒரு மில்லிபார் (காற்றழுத்தத்தை அளக்கும் அலகு) குறைந்தால் ஒரு சென்டிமீட்டர் என்பது தோராயக் கணக்கு. கால்வெஸ்டன் புயலின் மைய அழுத்தம் 936 மில்லிபார் என்று பின்னாளில் மதிப்பிட்டிருக்கிறார்கள். இது இயல்பைவிட ஏறக்குறைய 77 மில்லிபார் குறைவு என்பதால், அந்த வகையில் முக்கால் மீட்டர்தான் உயர்ந்திருக்கும். மீதியெல்லாம் காற்று தள்ளிக் குவித்த நீர். ஆழ்கடலில் அப்படித் தள்ளப்படும் நீர் அடியில் இறங்கித் திரும்பி ஓடிவிடுகிறது. ஆழமற்ற கடலில் அப்படித் திரும்பிப்போக இடமில்லை, ஆகவே அது கரையின்மேல் ஏறுகிறது. க்ளைன் எதைக் கேடயம் என்று நினைத்தாரோ அதுவே ஆயுதமாக இருந்தது.

வங்காள விரிகுடாவின் தலைப்பகுதியும் பாக் நீரிணையும் இதே காரணத்தால்தான் ஆபத்தானவை. 1964-இல் தனுஷ்கோடியிலும், 1970-இல் அன்றைய கிழக்குப் பாகிஸ்தானின் போலா பகுதியிலும் பெருங்கொலை செய்தது இந்தப் பெருக்குதான்.

கால்வெஸ்டன் நீளமான, ஒடுங்கிய மணல் தீவு. ஊரின் மிக உயரமான இடமே கடல்மட்டத்திலிருந்து 8.7 அடி. வந்த நீர் 15 அடிக்கு மேல். காலையிலிருந்து வடகாற்று தீவின் பின்புறக் கழிமுகத்து நீரை ஊருக்குள் தள்ளிக்கொண்டிருந்தது. மாலையில் காற்று கிழக்குக்கும் தென்கிழக்குக்கும் திரும்பியதும் வளைகுடாவே உள்ளே வந்தது. கரையோர வீடுகள் முதலில் சரிந்து, அவற்றின் மரங்கள் ஒரு மாடி உயரத்துக்கு மேல் குவிந்து, அந்தக் குவியலே நகர்ந்து அடுத்த வரிசை வீடுகளை இடித்தது. 3,600 வீடுகள் போயின. நகரின் உட்பகுதியில் சில தெருக்கள் தப்பியதற்கும் அந்தக் குவியல்தான் காரணம்: ஓரிடத்தில் நின்றபின் அது அணையாகிவிட்டது.

கேள்வி (மதுரை வாசகி): அங்கிருந்த அனாதை இல்லம் ஒன்றைப் பற்றி எங்கோ படித்த நினைவு. உண்மையா?

பதில்: உண்மை. ஊருக்கு மேற்கே கடற்கரையை ஒட்டிக் கத்தோலிக்கக் கன்னியர் நடத்திய புனித மேரி அனாதை இல்லத்தில் அன்று 10 கன்னியரும் 90க்கு மேற்பட்ட பிள்ளைகளும் இருந்தார்கள். நீர் ஏற ஏறப் பிள்ளைகளை மாடிக்குக் கொண்டுபோய் மாதா பாடல் ஒன்றைத் திரும்பத் திரும்பப் பாட வைத்தார்கள். துணி உலர்த்தும் கயிற்றை வெட்டிப் பிள்ளைகளைத் தங்கள் இடுப்போடு கட்டிக்கொண்டார்கள். கட்டடம் இடிந்தது. பிறகு சடலங்களை எடுத்தபோதும் அந்தக் கயிறுகள் அவிழவில்லை. பிழைத்தவர்கள் மூன்று பையன்கள் மட்டும். மிதந்த ஒரு மரத்தைப் பற்றிக்கொண்டு தப்பினார்கள். அந்தச் சபைக் கன்னியர் இன்றும் ஆண்டுதோறும் செப்டம்பர் 8 அன்று அதே பாடலைப் பாடுகிறார்கள்.

கேள்வி (ஈரோடு வாசகர்): ரயிலில் தப்பியிருக்க முடியாதா?

பதில்: தீவை நிலத்தோடு இணைத்த மூன்று ரயில் பாலங்களும் ஒரு வண்டிப் பாலமும் அன்றே போய்விட்டன. போமான்ட் ஊரிலிருந்து 95 பயணிகளோடு வந்த ரயில் ஒன்று, எதிர்க்கரையான பொலிவார் முனையில் படகு கிடைக்காமல் நின்றது. பின்னோக்கிச் செல்ல முயன்றும் தண்டவாளத்தை நீர் மூடிவிட்டது. பத்துப் பேர் இறங்கி அங்கிருந்த கலங்கரை விளக்கத்துக்கு நடந்தார்கள். ஏற்கெனவே ஊர்மக்கள் இருநூறு பேர் அதன் சுழற்படிகளில் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். அந்தப் பத்துப் பேர் பிழைத்தார்கள். ரயிலிலேயே இருந்த 85 பேரும் இறந்தார்கள்.

கேள்வி (சேலம் வாசகி): புயல் ஓய்ந்தபின் என்ன நடந்தது?

பதில்: முதலில், வெளியுலகத்துக்குத் தெரியவே இல்லை. தந்திக் கம்பிகள் அறுந்து கிடந்தன. சிலர் ஒரு படகில் கழிமுகத்தைக் கடந்து, நடந்தும் ரயிலிலும் ஹூஸ்டனை அடைந்து, ஊர் அழிந்துவிட்டது என்று ஆளுநருக்கும் குடியரசுத் தலைவர் மெக்கின்லிக்கும் தந்தி கொடுத்தார்கள். ஐந்நூறு பேர் இறந்திருக்கலாம் என்று அவர்கள் சொன்னதையே மிகை என்று கருதினார்கள்.

செப்டம்பர் வெயிலில் ஆயிரக்கணக்கான பிணங்கள். மணல் தீவில் நீர் ஊறிய நிலத்தில் புதைக்க முடியாது. 700 உடல்களைத் தட்டைப்படகில் ஏற்றி, எடை கட்டிக் கடலில் இறக்கினார்கள். சில நாட்களில் அவை கரைக்குத் திரும்பி வந்தன. அதன்பின் ஊரெங்கும் சிதை மூட்டினார்கள், வாரக்கணக்கில் எரிந்தது. அந்தப் படகில் உடல்களை ஏற்றும் வேலைக்குக் கறுப்பின ஆண்களைத் துப்பாக்கி முனையில் பிடித்துப்போனார்கள் என்பதையும் சொல்லாமல் விடக் கூடாது. செஞ்சிலுவைச் சங்கத்தின் கிளாரா பார்ட்டன் 78 வயதில் நேரில் வந்து தங்கி நிவாரணம் நடத்தினார். அவர் களத்தில் இறங்கிய கடைசிப் பெரும் பணி அது.

கேள்வி (சென்னை வேளச்சேரி வாசகர்): ஒரு நகரம் முழுவதையும் மண் கொட்டி உயர்த்தினார்கள் என்கிறார்களே, எப்படி முடிந்தது? எங்கள் தெருவில் ஒரு வீட்டை ஜாக்கி வைத்து உயர்த்தவே மாதக்கணக்கில் ஆகிறது.

பதில்: அவர்களும் ஜாக்கிதான் வைத்தார்கள். ஹென்றி ராபர்ட், ஆல்பிரட் நோபிள், எச். சி. ரிப்ளி ஆகிய மூன்று பொறியாளர்கள் கொண்ட குழு இரண்டு வேலைகளைப் பரிந்துரைத்தது. ஒன்று, 17 அடி உயரக் கான்கிரீட் தடுப்புச் சுவர். அடியில் 16 அடி, உச்சியில் 5 அடி அகலம். கடலைப் பார்த்த முகம் உள்வளைவாக இருப்பதால், மோதும் அலை மேல்நோக்கித் திரும்பித் தன்மேலேயே விழும். மூன்று மைலுக்கு மேற்பட்ட முதல் பகுதி 1904-இல் முடிந்தது.

இரண்டாவது வேலைதான் வியப்பு. சுவருக்குப் பின்னால் ஊரையே சரிவாக உயர்த்துவது. தீவின் குறுக்கே ஒரு கால்வாய் வெட்டி, தூர்வாரும் கப்பல்களை ஊருக்குள் கொண்டுவந்தார்கள். அவை துறைமுக வாயிலிலிருந்து மணலை நீரோடு கலந்து உறிஞ்சி வந்து குழாய் வழியாக வீடுகளின் அடியில் பாய்ச்சின. நீர் வடிந்து ஓட, மணல் தங்கியது. 1903 முதல் 1911 வரை சுமார் 500 தெருக்கட்டங்களில் இப்படி 1.6 கோடி கன கெஜத்துக்கு மேல் மணல் நிரப்பினார்கள். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கட்டடங்கள் தூக்கப்பட்டன. 3,000 டன் எடையுள்ள புனித பேட்ரிக் தேவாலயத்தின் அடியில் 700 ஜாக்கிகளைப் பொருத்தி, எல்லா ஆட்களும் ஒரே நேரத்தில் சிறிது சிறிதாகத் திருகி, ஐந்து அடி உயர்த்தினார்கள்.

மணல் நிரப்பும் செலவு அரசினுடையது. வீட்டைத் தூக்கும் செலவு வீட்டுக்காரருடையது. நடப்பதற்குத் தெருக்களில் மரப்பலகை நடைமேடைகள் போட்டிருந்தார்கள். உப்பு மணலில் மரங்களும் தோட்டங்களும் பட்டுப்போயின. எட்டு ஆண்டுகள் சேற்று நாற்றத்தோடு குடியிருந்த அந்த மக்களின் பொறுமைதான் பொறியியலைவிடப் பெரிய அதிசயம் என்று எனக்குத் தோன்றுகிறது.

பலன் இருந்தது. 1915 ஆகஸ்டில் ஏறத்தாழ அதே வலிமையுள்ள இன்னொரு புயல் வந்தபோது ஊர் நின்றது. உயிரிழப்பை 1900-உடன் ஒப்பிடவே முடியாது.

கேள்வி (தூத்துக்குடி வாசகர்): பெரிய துறைமுகமாக இருந்த அந்த ஊரின் வணிகம் பின்னர் என்ன ஆயிற்று?

பதில்: பருத்தி ஏற்றுமதியில் அமெரிக்காவின் முன்னணித் துறைமுகங்களில் ஒன்றாக இருந்தது. புயல் அடித்த நான்கு மாதங்களில், 1901 ஜனவரி 10 அன்று, போமான்ட் அருகே ஸ்பிண்டில்டாப் என்ற இடத்தில் எண்ணெய் பீறிட்டது. உள்நாட்டில் பாதுகாப்பாக இருந்த ஹூஸ்டன், கப்பல் வரும் ஆழக் கால்வாயை 1914-இல் திறந்தது. எண்ணெய்ப் பணம் அங்கே போயிற்று. புயல் ஒன்றுதான் கால்வெஸ்டனை வீழ்த்தியது என்று சொல்வது மிகை, ஏனென்றால் ஹூஸ்டன் அந்தக் கால்வாய்க்கு அதற்கு முன்பே முயன்றுகொண்டிருந்தது. ஆனால் பணம் போடுகிறவர்களுக்கு இருந்த கடைசித் தயக்கத்தைப் புயல் போக்கிவிட்டது.

கேள்வி (தஞ்சாவூர் வாசகி): அந்தப் புயலுக்கு ஏன் பெயர் இல்லை?

பதில்: பட்டியல் வைத்துப் பெயரிடும் வழக்கம் அப்போது இல்லை. அமெரிக்கா 1953 முதல் பெண்களின் பெயர்களையும், 1979 முதல் அட்லாண்டிக் புயல்களுக்கு ஆண்களின் பெயர்களையும் சேர்த்து வைக்கிறது.

கேள்வி (கோவை வாசகர்): இன்று அதே புயல் வந்தால் கால்வெஸ்டன் தாங்குமா?

பதில்: செயற்கைக்கோளும் விமானங்களும் இருப்பதால் யாரும் அறியாமல் வர முடியாது. சிக்கல்கள் வேறு. 2005-இல் ரீட்டா புயலுக்கு அஞ்சி ஹூஸ்டன் வட்டாரத்திலிருந்து இருபது லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஒரே நேரத்தில் கிளம்ப, சாலைகள் அடைத்து, வெயிலிலும் விபத்துகளிலும் இறந்தவர்கள் புயலில் இறந்தவர்களைவிட அதிகம். 2008-இல் ஐக் புயல் வந்தபோது சுவர் தன் பக்கத்தைக் காத்தது. நீர் சுவரே இல்லாத பின்புறக் கழிமுகம் வழியாக ஊருக்குள் புகுந்தது. அந்த உப்பு நீரில் சுமார் 40,000 மரங்கள் பட்டுப்போயின. கழிமுக வாயிலையே பெரிய கதவுகளால் மூடும் திட்டம் ஒன்றுக்கு அமெரிக்க நாடாளுமன்றம் 2022-இல் அனுமதி தந்தது. மதிப்பீடு 3,000 கோடி டாலருக்கு மேல். அனுமதி வேறு, பணம் ஒதுக்குவது வேறு என்பதால், அந்தக் கதவுகள் எழ இன்னும் பல ஆண்டுகள் ஆகும்.